நாலாவது பாடமும் அறுபத்துநாலு சட்டையும்

காளவாசல், மதுரை
11.8.2024

அன்பு மகள் ருமானாவுக்கு அத்தாவின் ஸலாம். நானும் உன் அம்மாவும் கடையின் ஆறு மெஷின்களும் அல்லாஹ் கிருபையால் நலம். ஒரு மெஷின் மட்டும் ஊசியை உடைத்துக்கொண்டே இருக்கிறது. அது அதன் பிறவிக் குணம். உன் உடம்பு எப்படி? ஹைதராபாத் ஹாஸ்டல் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

போன வெள்ளிக்கிழமை நீ போனில் "அத்தா, எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னாயாம். நான் "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேனாம். உன் அம்மா அன்று முழுக்க என்னைப் பார்த்த பார்வையில் கட்டிங் டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. குற்றம் என்னுடையது இல்லை. கடைக்கு முன்னால் மேம்பாலம் வந்ததிலிருந்து டவர் சரியாக எடுப்பதில்லை. ஆகவே இனிமேல் கடிதம். எழுத்து எந்தப் பாலத்துக்கு அடியிலும் வந்துவிடும்.

என்ன பயம், சொல். பாடமா? புத்தகம் கிடைக்கவில்லையா? பத்தாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி. வரை உனக்குக் கைடு வாங்கிக் கொடுத்தவன் நான். மதுரையில் கிடைக்காத கைடு கிடையாது. பிளஸ் டூவில் கணக்கில் கோட்டைவிட்ட ஒருவனால் முடிந்த படிப்பு உதவி அது ஒன்றுதான். அதையாவது செய்கிறேன்.

உன் அத்தா
மு. அப்துல் ஹலீம்


ஹைதராபாத்
24.8.2024

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் நலம். சோறு பரவாயில்லை. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

பயம் இதுதான். நாலு மாவட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் சில கிராமங்கள், கிராமத்துக்குள் அங்கன்வாடிகள், அங்கன்வாடிக்குள் பிள்ளைகள். அவர்களுடைய எடையும் உயரமும் என்னிடம் இருக்கின்றன. ஓர் அங்கன்வாடியில் ஐம்பது பிள்ளைகள், இன்னொன்றில் மூன்றே பேர். எல்லோரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் தப்பு. தனித்தனியாகப் போட்டாலும் தப்பு. அடுக்குக்குள் அடுக்காக வைத்துப் போட வேண்டும். ஹைரார்க்கிக்கல் மாடல் என்று பெயர். அதை 'ஆர்' என்ற மென்பொருளில் செய்ய வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல புத்தகம் கிடைக்கவில்லை. ஒன்று முதல் பக்கத்திலேயே சூத்திரத்தால் அடிக்கிறது. இன்னொன்று சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள கட்டளைகள் பழையவை, இப்போதைய மென்பொருளில் ஓடவில்லை. இணையத்தில் கேட்டால் நூறு பேர் நூறு வழி சொல்கிறார்கள். நான் எதைப் போட்டாலும் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது.

ஜனவரியில் பிஎச்.டி. முதல் வருட ரிவ்யூ. அதற்குள் இந்தக் கணக்கு வராவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று ஆய்வு வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ருமானா


காளவாசல்
8.9.2024

அன்பு மகளுக்கு, நலம், நலமே வேண்டும்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பழைய புத்தகக் கடை மொக்கையனை உனக்குத் தெரியும், உன் பத்தாம் வகுப்பு கைடு எல்லாம் அவரிடம் வாங்கியதுதான்.

"அண்ணே, அடுக்குக் கணக்குப் புஸ்தகம் இருக்கா?"

"அடுக்குன்னா எம்புட்டு அடுக்கு?"

"நாலு."

"நாலு அடுக்குன்னா டிபன் கேரியர்லதான் பாத்துருக்கேன். யாருக்கு, பாப்பாவுக்கா? இந்தா, இதுல கணக்கு மொத்தமும் இருக்கு."

எனக்கும் அவருக்கும் தெரிந்த கணக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதால் வாங்கிவிட்டேன். வேறு நாலு கடையும் ஏறினேன். ஒரு கடையில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் தேடி, "ஆர்னா எந்த ஆர் சார், முழுப் பேரு என்ன?" என்றான். ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தவனை நான் எங்கே போய்ப் பிடிக்க?

கைடும் முறுக்கும் பார்சலில் வருகின்றன. கைடு உதவாவிட்டால் முறுக்காவது உதவும். பயப்படாதே.

அத்தா


ஹைதராபாத்
29.9.2024

அத்தாவுக்கு ஸலாம். நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே?

பார்சல் வந்தது. கைடைப் பார்த்துவிட்டு என் அறைத்தோழி பவதாரிணி, "ஏ, இது நான் பிளஸ் டூல படிச்சதுப்பா" என்றாள். அது வேறு கணக்கு. ஆனாலும் மேஜையில் வைத்திருக்கிறேன். முறுக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

பெரிய செய்தி: வழி கிடைத்துவிட்டது! பவதாரிணிதான் காட்டினாள். சிவக்குமார் சார் என்று ஒருவர், திருச்சிப் பக்கம் கல்லூரி வாத்தியார். இதே கணக்கை இதே மென்பொருளில் தமிழில் பன்னிரண்டு பாடமாக நடத்தி இலவசமாகப் போட்டிருக்கிறார். சிவக்குமார் சார் முதலில் படம்தான் வரைகிறார், அப்புறம்தான் சூத்திரம். சிவப்பு எழுத்து உன்னைத் திட்டவில்லை, உன்னிடம் சந்தேகம் கேட்கிறது என்கிறார் சிவக்குமார் சார். தான் செய்யும் தப்பையும் வெட்டாமல் அப்படியே காட்டுகிறார். ஒரு சந்தேகத்தை சிவக்குமார் சாருக்கு எழுதினேன், மறுநாளே சிவக்குமார் சார் பதில் போட்டுவிட்டார். பஸ்ஸில் போகும்போது காதில் சிவக்குமார் சார்தான். சாப்பிடும்போதும் சிவக்குமார் சார்தான். அவர் குரலைக் கேட்டாலே பயம் போய்விடுகிறது.

நீங்களும் ஒரு பாடம் பாருங்கள். பேசுவதெல்லாம் கீழே எழுத்தாகவும் ஓடும். சிவக்குமார் சார் மட்டும் கிடைத்திருக்காவிட்டால் இப்போதே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

ருமானா


காளவாசல்
14.10.2024

அன்பு மகளுக்கு, நாங்கள் நலம். அங்கே உன் நலத்தை விசாரிக்க இனி வேறு ஆள் இருக்கிறார் போல.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை செய்திக்காக. இரண்டாம் முறை சந்தோஷத்துக்காக. மூன்றாம் முறை பென்சிலோடு. சிவக்குமார் சார் எட்டு இடத்தில் வருகிறார். அத்தா ஒரே இடத்தில், அதுவும் முதல் வரியில். அதையும் விட்டிருந்தால் கடிதம் திருச்சிக்கே போயிருக்கும்.

இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறாராம். நானும் உன்னை இலவசமாகத்தான் வளர்த்தேன். தன் தப்பை மறைக்காமல் காட்டுகிறாராம். என் தப்புகளைக் கடை வாசலில் ஹாங்கரில் தொங்கவிட்டிருக்கிறேன், எந்த மகள் பாராட்டினாள்? பொறாமை என்று நினைக்காதே. வயிறு லேசாக எரிகிறது. உன் அம்மா வைத்த குழம்பாக இருக்கும்.

சரி, அப்படி என்னதான் சொல்கிறார் என்று மூன்று பாடம் பார்த்தேன். கீழே ஓடுகிற எழுத்து உபகாரம். மூன்றாவதில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தனிக்குணம் உண்டு, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டாதே என்கிறார். இதைச் சொல்ல ஒரு வாத்தியாரா? நாலாவதைப் பார்க்கவில்லை. பார்ப்பதாகவும் இல்லை.

சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புது யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு, அறுபத்துநாலு பிள்ளைகள். துஆ செய்.

(இன்னும் உன்) அத்தா


ஹைதராபாத்
26.10.2024

அன்புள்ள அத்தா, அத்தா, அத்தா, அத்தா, அத்தா, அத்தா, அத்தா, அத்தாவுக்கு ஸலாம். எட்டு வந்துவிட்டது, எண்ணிக்கொள்ளுங்கள். நான் நலம்.

மூன்றாவது பாடத்தோடு நிறுத்தாதீர்கள். அது பாதிதான். மீதி நாலாவதில் இருக்கிறது. எனக்குமே நாலாவது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. சாரின் பயிற்சிக் கணக்கு ஏதோ வெளிநாட்டு வீடுகளைப் பற்றியது. அவர் சொல்லும்போது புரிகிறது, நானே செய்தால் மறுபடியும் சிவப்பு எழுத்து.

இதையெல்லாம் பேசினால் மனசு லேசாகும். நீங்கள் போனை எடுத்தவுடன் வைத்துவிடுகிறீர்கள். காளவாசலில் பாலம் இருக்கிறது, சரி. ஆனையூரில் நம் வீட்டுக்கு மேல் என்ன பாலம் போகிறது அத்தா? என் மேல் கோபமா?

ருமானா


காளவாசல்
20.11.2024

அன்பு மகளுக்கு, நலம். தாமதத்துக்குக் காரணம், கடையில் கொஞ்சம் ஆல்ட்ரேஷன் வேலை. கோபம் எல்லாம் இல்லை. மழை விட்டுவிட்டது. அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை.

அந்த நாலாவது பாடத்தில் என்னதான் சொல்கிறார்? சும்மா கேட்டேன்.

அத்தா


ஆனையூர்
1.12.2024

மகள் ருமானாவுக்கு அம்மா எழுதுவது. சுகம். நீ சுகமா?

போனில் சொல்லியிருப்பேன். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உங்க அத்தா எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்க்கிறார். ஒரு வருஷமாக அதை வைத்துத்தான் காலம் ஓட்டுகிறார். பாலமும் இல்லை, டவரும் இல்லை. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது பாதி. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தால் வேறு என்ன ஆகும்? காதுக்கு மெஷின் வைக்கணும் என்று டாக்டர் சொன்னார். "நான் கெழவன்னு காதுல போர்டு மாட்டிக்கிறதா?" என்று எழுந்து வந்துவிட்டார். உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன்.

இன்னொன்றையும் மறைக்கிறார். சோழவந்தான் பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போன அன்று மழை. அறுபத்துநாலு பேரில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஐந்தும் கபடி டீம், ஒவ்வொருவனும் பனைமரம். வழக்கமாக இப்படி ஆனால் பழைய அளவு நோட்டை எல்லாம் எடுத்துப் போட்டு, மற்றப் பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புக்கு என்ன அளவு என்று பார்ப்பார். "அஞ்சு பேரை நம்பி அம்புட்டுப் பேருக்கும் வெட்டக் கூடாது சாதிகா, இவங்களை அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கணும்" என்பார். ஐம்பது பேர் வந்திருந்தால் லேசாகத்தான் இழுப்பார்.

இந்தத் தடவை நோட்டைத் தொடவே இல்லை. நெஞ்சளவு முப்பத்திரண்டு இன்ச்சும் முப்பத்துநாலு இன்ச்சுமாக அறுபத்துநாலு சட்டையையும் வெட்டிவிட்டார். எல்லாம் திரும்பி வந்தன. "சட்டை மட்டும் நின்னுச்சு சாதிகா, உள்ள இருந்த பையனைக் காணோம்" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். அப்புறம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"அந்தச் சிவக்குமாருதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக்குணம்னு சொன்னான்."

"அந்தாளைத்தான் உங்களுக்குப் புடிக்காதே?"

"எம் மகளுக்குப் புடிச்சிருக்கே" என்றார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


ஹைதராபாத்
11.12.2024

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் நலம். போனைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன். எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

சட்டை விஷயம் அம்மா எழுதினார்கள். சண்டை போடாதீர்கள். நாலாவது பாடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். ஆட்கள் குறைவாக இருக்கும் கூட்டத்தின் அளவை அப்படியே நம்பாதே. மற்ற எல்லாக் கூட்டங்களின் சராசரியை நோக்கி அதை இழு. ஐந்து பேர் என்றால் நிறைய இழு. ஐம்பது பேர் என்றால் லேசாக இழு. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். அவ்வளவுதான் அத்தா நாலாவது பாடம்.

அம்மாவின் கடிதத்தை நாலாவது பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நாலு மாதமாக நான் எதைத் தேடி அலைந்தேனோ அதைச் சின்ன வயதில் கட்டிங் டேபிளுக்குக் கீழே உட்கார்ந்து தினமும் கேட்டிருக்கிறேன். "கொஞ்சம் இழுக்கணும்" என்று நீங்கள் சொல்வது துணியை என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் நோட்டைத் தொடாமல் விட்டது என்னால்தான் என்றும் தெரிகிறது.

எனக்கு ஓர் உதவி. அளவு நோட்டுகள் எல்லாம் வேண்டும். பிள்ளை, வகுப்பு, பள்ளிக்கூடம் என்று என் கணக்கு மாதிரியே அடுக்கு. வெளிநாட்டு வீடுகளை வைத்து எனக்கு வரவில்லை. இதை வைத்துச் செய்துபார்க்கிறேன். ரிவ்யூவுக்கு இன்னும் ஆறு வாரம்.

ருமானா


காளவாசல்
22.12.2024

அன்பு மகள் ருமானாவுக்கு, நலம். நலம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

உன் அம்மாவோடு சண்டை போடவில்லை. போட நினைத்தேன், அவள் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அறுபத்துநாலு சட்டைகளையும் பிரித்துச் சின்னதாக்கிக் கொடுத்தாகிவிட்டது. பெரியதாகத் தப்புச் செய்தால் சின்னதாக்கிக்கொள்ளலாம். தையலில் அந்த ஒரு வசதி உண்டு.

பத்தொன்பது நோட்டும் பார்சலில் வருகின்றன. பிள்ளைகளின் பெயர் இருந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். ஊரார் வீட்டுப் பிள்ளைகள், உனக்குப் பெயர் எதற்கு, நெஞ்சளவு போதும். டீக்கறை உள்ள இடத்தில் நிதானமாகப் படி. மூன்று எட்டு மாதிரி தெரியும்.

நாலாவது பாடத்தைப் பார்த்துவிட்டேன். சிவக்குமார் சார் படம் வரைந்து, ஓரத்தில் நின்ற புள்ளியை நடுப்பக்கம் இழுத்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "சாதிகா, இந்தாளு நம்ம கடைக்கு எப்ப வந்து எட்டிப் பாத்தான்?" என்று கத்தினேன். அவளும் ஏதோ சொன்னாள். சிவக்குமார் சார் அதை நாற்பது நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார். எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்த மகளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சல் அங்கேதான். குழம்பு மேல் பழி போட்டது தப்பு.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டும் பார்த்தாகிவிட்டது. ஏழாவதில் சிவக்குமார் சார் கொஞ்சம் வேகமாகப் போகிறார். எட்டாவதில் சிவக்குமார் சார் போட்டிருக்கும் சட்டைக்கு வலது தோள் ஒரு இன்ச் இறங்குகிறது. அளவு அனுப்பினால் சிவக்குமார் சாருக்கு ஒன்று தைத்துத் தருகிறேன், கேட்டுச் சொல். ஐந்து பேர் அளவெல்லாம் வேண்டாம், சிவக்குமார் சார் ஒருவருடையது போதும்.

அத்தா


ஹைதராபாத்
8.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ரிவ்யூ தள்ளிப்போய் முந்தாநாள்தான் நடந்தது.

தேறிவிட்டேன்.

நோட்டுகளை நானும் பவதாரிணியும் மாற்றி மாற்றி டைப் செய்தோம். இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். முதலில் சிவப்பு எழுத்து வந்தது. அது என்ன சந்தேகம் கேட்கிறது என்று இந்த முறை எனக்குப் புரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நெஞ்சளவு எண்பத்திரண்டு இன்ச் என்று அடித்திருந்தோம். உங்கள் டீக்கறை. திருத்தியதும் ஓடிவிட்டது. கபடிப் பிள்ளைகளின் ஐந்து அளவையும் போட்டுப் பார்த்தேன். முப்பத்துமூன்றில் நின்ற புள்ளி முப்பதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டினேன். அதற்குப் பிறகு அங்கன்வாடிக் கணக்கில் யாரும் என்னை மடக்கவில்லை. மேடம் மட்டும், "இந்த டெய்லர் யார்?" என்று கேட்டார்கள்.

சிவக்குமார் சாருக்கும் அனுப்பினேன். இதை வைத்துப் பதின்மூன்றாம் பாடத்தை நீயே நடத்து என்று சொல்லிவிட்டார். பேசிப் பதிவு செய்து போட்டுவிட்டேன். கீழே எழுத்து ஓடுகிறதா என்று நாலு முறை சரிபார்த்தேன்.

ஒரு விஷயம். உங்கள் போன கடிதத்தில் சிவக்குமார் சார் ஆறு இடத்தில் வருகிறார். ருமானா ஒரே இடத்தில். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? இங்கே பழி போடக் குழம்பும் இல்லை.

ருமானா


காளவாசல்
20.2.2025

அன்பு மகள் ருமானாவுக்கு,

நலம் என்று நீ எழுதியிருப்பது பொய். உனக்குச் சளி பிடித்திருக்கிறது. பதின்மூன்றாம் பாடத்தில் இரண்டாவது நிமிஷத்திலிருந்தே மூக்கடைப்பு. ஐந்தாவது நிமிஷத்தில் இருமலை அடக்குகிறாய். "எங்க அத்தா கடை" என்று சொல்லும் இடத்தில் தொண்டை கம்முகிறது. அதையும் சளிக் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். மிளகு தட்டிப் போட்டுப் பால் குடி. நோன்பு வரப்போகிறது, அதற்குள் சரியாக வேண்டும்.

பாடத்தைக் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். ஓவர்லாக் மெஷினை நிறுத்தச் சொன்னேன். அது இம்புட்டுச் சத்தம் போடும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. கீழே ஓடுகிற எழுத்தையும் அணைத்துவிட்டேன். கண்ணை உறுத்தியது.

சோழவந்தான் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷத்துக்கும் நம்மிடமே கொடுக்கிறார்களாம். மழையில்லாத நாளாகப் பார்த்து அளவெடுக்கப் போவேன். நோட்டுகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

உன் சிவக்குமார் சாருடைய குரலையும் கேட்டுப் பார்த்தேன். சுமார்தான். சட்டையை எப்படியும் தைத்துக்கொடுக்கிறேன், பேச்சு மாறமாட்டேன்.

மார்ச் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அநேகமாக முதல் நோன்பு. காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் பண்ணு. ஆகஸ்டில் சொன்னாயே, என்ன பயம் என்று, அதை முதலிலிருந்து சொல். இப்போது அந்தப் பயம் இல்லை என்றாலும் பரவாயில்லை, சொல்.

பாலம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் டவர் நன்றாக எடுக்கிறது.

உன் அத்தா